பெட்டி காட்டுக்குள் ஓடியது

நரிக்கு நான் பன்னிரண்டு வாய் வரைந்திருக்கிறேன்.
வட்டமாய் ஒன்று, இறுக்கி மூடியது ஒன்று,
மேற்பல் கீழுதட்டை லேசாகக் கடிப்பது ஒன்று.
அந்த ஒன்றுக்குத்தான் மூன்று நாள் ஆனது.

கோரமங்களாவில் ஐந்தாவது மாடி.
கதை சொல்லும் குரல் எந்த ஊர்ப் பெண்ணுடையதோ,
முகம் பார்த்ததில்லை.
அவள் ஒரு சொல்லைச் சொல்லும்போது
அந்தச் சொல் மட்டும் மஞ்சளாக வேண்டும்,
முந்தியும் கூடாது பிந்தியும் கூடாது.
ஒரு நொடியை இருபத்து நான்காக நறுக்கி
மஞ்சள் பூசுவதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

"நீயே போய்ப் பாத்துட்டு வா, உனக்குத்தான் தமிழ் தெரியுமே"
என்றாள் அபர்ணா ஹெக்டே.
ஆறு டேப்லெட், நிரப்ப ஒரு படிவம்.
நீலசந்திராவில் தமிழ்வழிப் பள்ளி,
இரண்டாம் வகுப்பு, அன்று வந்திருந்தது பதினேழு பேர்.
சன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி
வழி விடச் சொல்லி
கன்னடத்தில் ஒரு முறை, உருதுவில் ஒரு முறை,
கடைசியில் தமிழில் திட்டிவிட்டுப் போனது.

நரி வந்தது.
குரல் சொன்னது, மஞ்சள் விழுந்தது,
பதினேழு பேரும் திருப்பிச் சொன்னார்கள்:
"பாக்ஸ்."
நான் உதட்டைக் கடித்துக் காட்டினேன். ஃபாக்ஸ்.
"பாக்ஸ்!"
இன்னும் சத்தமாக.

பெட்டி காட்டுக்குள் ஓடியது.
பெட்டிக்குப் பசித்தது.
பெட்டி வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியது.
அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை,
வால் கண்ணெதிரே இருந்தது.
குழப்பம் என் படிவத்துக்குத்தான்.

மரப்பாலத்தில் பாதி தாண்டும்போது நெட் போனது.
ஆறு டேப்லெட்டிலும் ஆறு நரிகள்
முன்னங்காலைத் தூக்கியபடி நின்றன.
திரை நடுவே மூன்று புள்ளி,
மேலே ஒன்று, கீழே இரண்டு, மினுக் மினுக்கென்று.
சூரியன் வைக்கலாமா மணற்கடிகாரம் வைக்கலாமா என்று
நாலு கூட்டம் போட்டு,
ஒன்றும் ஒத்துவராமல் வைத்த புள்ளிகள்.

முன்வரிசை மெர்லின்
திரையில் விரலை வைத்துப் படித்தாள்:
"அக்."

பிறகு எல்லாரும். அக், அக்.
ஒருவன் எழுந்து "எஃகு!" என்றான்,
யாரோ பரிசு தரப்போவதுபோல.
சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில்
ஔவுக்குப் பிறகு
எந்தக் கூட்டத்திலும் சேராமல் நிற்கும் அது,
அதை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டு
நான் கேட்டதில்லை.

மதிய உணவுக்குத் தலை எண்ணிக்கொண்டிருந்த
புஷ்பலதா டீச்சர்
எண்ணிக்கை தப்பிவிடாமல் விரலை மடக்கிப் பிடித்தபடி
இன்னொரு கையால் பலகையில் எழுதினார்: பாக்ஸ்.
முன்னால் மூன்று குத்து குத்தினார். ஃபாக்ஸ்.
"புள்ளி வெச்சா நரி. வெக்கலன்னா பெட்டி."
அவ்வளவுதான். மறுபடி எண்ணப் போய்விட்டார்,
பதினாலு, பதினஞ்சு.

வகுப்பு முழுக்க உதடு கடித்தது.
எச்சில் தெறித்தது. என் கண்ணாடியிலும்.
மெர்லினுக்கு மட்டும் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.
அவள் கடித்தாள், பல் இல்லை,
அந்த இடைவெளி வழியே
வெறும் காற்று வந்தது.
எழுத்துக்கு முன்னால் மூன்று புள்ளியாய்
என்ன எழுதுகிறோமோ, ஏறக்குறைய அதே காற்று.
அந்த வாய்
என் பன்னிரண்டில் இல்லை.

படிவத்தில் ஆறாவது கேள்வி:
பிள்ளைகள் அதிகம் பேசியது எந்தக் காட்சியில்?
படம் நின்றுபோன காட்சியில் என்று எழுதினேன்.
அபர்ணா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.
"அப்போ லோடிங்க இன்னும் வேகமாக்கணும்," என்றாள்.
அதுவும் சரிதான். அவள் வேலை அது.

அன்று இரவு எல்லாரும் போன பிறகு
நரியின் கோப்பைத் திறந்தேன்.
பாலத்தில் காலைத் தூக்கும் இடம்.
நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு,
ஒரே ஒரு சட்டம்,
அதில் மட்டும் முன்பற்களை அழித்தேன்.

கதை வெளியாகி ஐந்து வாரம்.
இதுவரை யாரும் புகார் தரவில்லை.
எங்காவது நெட் சரியாக அந்த இடத்தில் போனால்
பல் இல்லாத ஒரு நரி
ஒரு பிள்ளையைப் பார்த்து நிற்கும்.